எரிவெள்ளி போன பக்கம்

அலுமாரியின் கீழ்த்தட்டு வரைக்கும் துழாவிவிட்டாள் நிப்லா. சாரன்களுக்கு நடுவில் இல்லை. கிறீஸ் பிடித்த பழந்துணிகளுக்கு அடியில் இல்லை. முன்வாசலில் கிராம சேவகர் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார். கணவர் ஜவாதின் மரணம், வீட்டில் நடந்த மௌத்து. வருத்தத்துக்கு மருந்தெடுத்த கிளினிக் கொப்பியைக் காட்டினால்தான் அவர் கையெழுத்து வைப்பார். இல்லையென்றால் விசாரணை, ஆஸ்பத்திரி, வெட்டிப் பார்ப்பது என்று ஜனாஸா இழுபட்டுவிடும். நண்பகல் ளுஹர் தொழுகையோடு அடக்குவதென்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது.

மஞ்சள் மட்டை போட்ட கொப்பி. தண்ணீர் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி அவளே கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதைக் கடைசியாகக் கண்ணால் கண்டது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"தேட வேணாம் உம்மா." மகன் மசூர் அறை வாசலில் நின்றான். "கொப்பி மாமாட்ட இரிக்கி."

"வாப்பாட கொப்பி காக்காட்ட எப்படிப் போன?"

மசூர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். இருபத்தாறு வயதுப் பிள்ளை. விடியற்காலை சுபஹு நேரத்தில் வாப்பாவின் கண்ணை மூடிவிட்டதும் அவன்தான். "நான் மையவாடிக்குப் போய்ட்டு வாறன். கபுறு வெட்டுற ஆக்கள் வந்துட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நடு மண்டபத்தில் ஜவாத் வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தார். சுற்றிலும் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நிப்லா ஜன்னல் சீலையை விலக்கி வெளியே பார்த்தாள். அவளுடைய அண்ணன், அஸ்ஹர் காக்கா, மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்தார். மஞ்சள் கொப்பியல்ல. நீல நிறத்தில், கையளவு தடித்த ஒரு பைல். கிராம சேவகர் இரண்டு தாளைப் புரட்டினார். மூன்றாவது தாளில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதத் தொடங்கினார்.

காஸ்ட்ரிக் வருத்தத்துக்கு அவ்வளவு பெரிய பைலா?

குசினிக்குள் போனாள். பின்கதவடியில் மதுஷன் பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். பாண்டிருப்புப் பெடியன், சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறவன். அந்த வேன் எஞ்சினை ஜவாத் இரண்டு தடவை இறக்கி ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அவளைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, காலையில கேட்டதும் எனக்குக் கை கால் ஓடல்ல. நல்ல மனிசன். கடைசி மட்டும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கல்ல."

"ஓம் தம்பி. இரிங்க, தேத்தண்ணி தாறன்."

"வேணாம் அக்கா." போகத் திரும்பியவன் நின்றான். "அண்டைக்கு வேனுக்குள்ள சத்தம் போடாம அழுதுட்டு வந்தாரே, அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. வானத்தில வெள்ளி எரிஞ்ச அந்த ராத்திரி."

நிப்லா கேத்தலை அடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. "எந்த ராத்திரி?"

"போன ஒக்டோபர்ல, ஊரே பாத்திச்சே அக்கா. நாங்க அப்ப கொழும்பால திரும்பி மகாஓயா தாண்டி வாறம். எங்கட ஊர்ப்பக்கத்தால கிளம்பி எங்களுக்கு நேர வாற மாதிரி வந்திச்சு. றோட்டெல்லாம் பகல். ஓரத்தில மாடு படுத்திருந்ததுகூடத் தெரிஞ்சிச்சு. நான் பிறேக்கப் போட்டுட்டு, பாஸ், பாஸ், அங்க பாருங்க எண்டு கத்துறன். அவர் தலையத் தூக்கவே இல்ல. அஸ்ஹர் நாநா அவர்ர கையப் புடிச்சிட்டு இருக்கார். டொக்டர் முடிவு சொன்ன நாள்தானே அது, பாவம்."

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் மதுஷனின் பேச்சு நின்றது. "அக்கா... உங்களுக்கு..."

"தெரியும் தம்பி" என்றாள் நிப்லா. எப்படி அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததென்று அவளுக்கே விளங்கவில்லை. "ரெண்டா உடைஞ்சிதா?"

"எது?"

"வெள்ளி."

"ஓம். எங்கட தலைக்கு மேல வரக்குள்ள ரெண்டா உடைஞ்சிச்சு."

"மேக்காலயா போன?"

"மேக்காலதான் அக்கா. வேற எங்கால போற?"

கேத்தல் கொதித்து மூடி தட்டும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

அன்று ராத்திரி ஜவாத் ஒலுவில் துறைமுகத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எஞ்சின் திருத்தும் பாஸுக்கு அது வழமைதான். ஆழ்கடலுக்குப் போகும் போட் ஒன்று எஞ்சின் நின்று கரைக்கு இழுபட்டு வந்தால், விடியும் மட்டும் அங்கேதான் கிடப்பார். நிப்லா இஷா தொழுதுவிட்டு, மோட்டரைப் போட்டு, தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா பார்க்க மேலே ஏறினாள். மேல்மாடி இன்னும் கட்டி முடியாத வெறும் சிலாப். அதில் நின்றால் வடக்கே கல்முனைப் பட்டினத்தின் விளக்குகள் முழுவதும் தெரியும். கிழக்கே கடல் இருட்டாகக் கிடக்கும்.

முதலில் அவள் கண்டது வெளிச்சத்தை அல்ல, தன்னுடைய நிழலைத்தான். நிலா இல்லாத ராத்திரியில் காலடியிலிருந்து ஒரு நிழல் முளைத்து மேற்குப் பக்கமாக நீண்டது. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். கடலுக்கு மேலிருந்து ஒரு பச்சை நெருப்பு வந்துகொண்டிருந்தது. பட்டாசு போல அவசரப்படவில்லை. கல்முனைக் கடைத்தெருவுக்கு மேலால் அது போனபோது கூரைகளும் மினாராக்களும் தொலைபேசிக் கோபுரமும் ஒவ்வொன்றாக வெளுத்து, மறுபடி கறுத்தன. அவளுடைய நிழல் காலைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது. வயல் பக்கத்துக்கு மேலே நெருப்பு இரண்டாக உடைந்து, இரண்டும் கொஞ்சத் தூரம் சேர்ந்தே போய் அணைந்தன. காகங்கள் விழித்துக் கத்தின. ஆறேழு வளவுகளிலிருந்து ஒரே நேரத்தில் "அல்லாஹு அக்பர்" என்று சத்தம் எழுந்தது. எல்லாம் முடிந்து, அவள் மூச்சை விட்ட பிறகு, பாலத்தில் லொறி போவது போல ஓர் உறுமல் எங்கிருந்தோ வந்தது.

அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். மச்சானும் இதைப் பார்த்திருப்பார். போன் எடுத்தாள், அவருடைய போன் நின்றிருந்தது. தண்ணீர் தாங்கியிலிருந்து வழிந்து சிலாப்பெல்லாம் ஓடி அவள் காலை நனைத்தது.

காலையில் வந்து இறங்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. வேலையென்றால் அப்படித்தான்.

"பாத்தீங்களா மச்சான்?"

"பாக்காம? துறைமுக ஜெட்டியில நிக்கிறன், அப்படியே கடலுக்குள்ள போய் விழுந்திச்சு. கடல் பச்சையாக் கொதிச்ச மாதிரி."

"கடலுக்கா? இல்ல மச்சான், கடலால வந்து வயல் பக்கமெல்லோ போன. நான் சிலாப்பில நிண்டு பாத்த."

ஜவாத் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மசூர், உங்கட உம்மாக்குக் கிழக்கும் மேக்கும் மாறிட்டுடா. இனி எந்தப் பக்கம் பாத்துத் தொழுவா எண்டு அல்லாஹ்க்குத்தான் வெளிச்சம். நிப்லாக்குக் கிப்லா தெரியா!"

வீடே அதைப் பிடித்துக்கொண்டது. அஸ்ஹர் காக்கா வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். ஜவாதின் அக்கா சபூறா ராத்தா, "எரிவெள்ளி எண்டா ஷைத்தானுக்கு எறியிற கல்லுதானே. அது உங்கட வீட்டுக்கு மேலால போயிருந்தா ஷைத்தான் ஆரெண்டு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும் புள்ள" என்றாள். யாரோ போனில் போட்ட படத்தை நிப்லா காட்டினாள். அதில் வெளிச்சம் மேற்கே போனது. "அதெல்லாம் கம்பியூட்டர்ல செய்யிற உம்மா" என்றான் மசூர். அவள் பாயை விரிக்கும் போதெல்லாம் யாராவது ஒருவர், "மேக்கு அங்கால" என்று கை காட்டினார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சில நாட்களில் உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் தொழுத அதே அறையில், தக்பீர் கட்டுமுன் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்து, சூரியன் எந்தப் பக்கம் விழுகிறதென்று நிச்சயப்படுத்திக்கொள்ளப் பழகியிருந்தாள். எட்டு மாதம்.

நிப்லா அடுப்பை அணைத்தாள். வெளியே போய், "காக்கா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க. மதினி, நீங்களும்" என்றாள். மையவாடியிலிருந்து திரும்பி வந்திருந்த மசூரையும் கூப்பிட்டாள். நால்வரும் அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"பைலத் தாங்க."

"அது இப்ப என்னத்துக்குப் புள்ள? எல்லா வேலையும் முடிஞ்சிட்டு" என்றார் அஸ்ஹர்.

"தாங்க காக்கா."

முதல் தாளில் டொக்டரின் கையெழுத்து விளங்கவில்லை. விளங்கத் தேவையுமில்லை. மேலே மகரகம என்று முத்திரை குத்தியிருந்தது. இந்த நாட்டில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் புற்று என்று வருத்தத்தின் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திகதியைப் பார்த்தாள். ஒக்டோபர். அதற்குப் பிறகும் திகதிகள் இருந்தன. நவம்பரில் இரண்டு, ஜனவரியில் ஒன்று. எல்லாம் ஒலுவிலில் போட் கரைக்கு வந்ததாக அவர் சொன்ன நாட்கள்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

அஸ்ஹர் சபூறாவைப் பார்த்தார்.

"நீ மகன்?"

"வாப்பா என்னக்கிட்டச் சத்தியம் வாங்கின உம்மா."

"மதினி?"

சபூறா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உன்ட நல்லதுக்குத்தான் புள்ள. சுனாமில சின்னப் புள்ள போன நேரம் நீ ஆறு மாசம் வாய் துறக்கல்ல. அவன் அதத்தான் பயந்த. இன்னொருக்கா அவள அப்படிப் பாக்க ஏலா ராத்தா எண்டு அழுதான். மருந்து ஏத்தவும் ஒத்துக்கல்ல. மருந்தேத்தினா முடி கொட்டும், அவளுக்குத் தெரிஞ்சிரும் எண்டான்."

நிப்லா பைலை மூடினாள். "நான் ஏன் ஆறு மாசம் கதைக்கல்ல எண்டு ஆராச்சும் கேட்டீங்களா?"

"அதையேன் இப்ப..." என்றார் அஸ்ஹர்.

"என்ட புள்ளட மையத்தக் கண்டெடுத்து, குளிப்பாட்டி, அடக்கி, நாலு நாளைக்குப் பொறகு வந்து செல்லின நீங்க. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு, வாற போற எல்லார்ட்டயும் புள்ளயக் கண்டீங்களா, புள்ளயக் கண்டீங்களா எண்டு கேட்டுட்டுக் கிடந்தன். தேடுறம், தேடுறம் எண்டு நீங்களும் மதினியும் அவரும் செல்லின. புள்ள மௌத்தானதுக்காக நான் வாய மூடல்ல காக்கா. உங்களோட கதைக்க எனக்கு ஒண்டும் இருக்கல்ல."

சபூறா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன கிழம கருவாட்டுச் சம்பல் கேட்டார்" என்றாள் நிப்லா. குரல் இப்போதுதான் உடைந்தது. "மிளகாய் போட்டு, நல்லா உறைப்பா. காஸ்ட்ரிக் காரனுக்குச் சம்பல் கேக்குதா எண்டு ஏசினன். எட்டு மாசமா உறைப்பில்லாம அவிச்சு அவிச்சுக் குடுத்தன். சிரிச்சிட்டு எழும்பிப் போய்ட்டார். மசூர், நீ பக்கத்திலதானே இருந்த. குடுங்க உம்மா எண்டு ஒரு வார்த்த செல்ல உனக்கு வாய் வரல்லயா?"

மசூர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஸ்ஹர் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்திட்டு தங்கச்சி. இப்ப இதையெல்லாம் மனசில வெக்காத. லெப்பை வந்து கேக்கக்குள்ள, பொருந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் செல்லிரு. மச்சான்ட கபுறு லேசாகணும். வெளியில ஊரே நிக்கிது."

அந்த ஒரு சொல். ஜனாஸாப் பெட்டியான சந்தூக்கைத் தூக்குமுன் பள்ளிவாசல் லெப்பை உள்வாசலுக்கு வந்து மௌத்தானவரின் மனைவியைக் கேட்பார், பொருந்திக்கொண்டீர்களா என்று. வாழ்ந்த காலத்தில் செய்த குறைகளையெல்லாம் மன்னித்துவிட்டீர்களா என்பதுதான் அதன் கருத்து. மனைவி பொருந்தாமல் போகிறவனுக்குக் கபுறு நெருக்கும் என்பார்கள். எத்தனையோ மையத்து வீடுகளில் நிப்லா அதைக் கேட்டிருக்கிறாள். அடித்தவனுக்கும், குடித்தவனுக்கும், வேறொருத்தியோடு போய்த் திரும்பி வந்தவனுக்கும் பெண்கள் அழுதழுது சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தியாவது சொல்லாமல் விட்டதாக அவளுக்கு நினைவில்லை. ஜவாத் அடித்ததில்லை. குடித்ததில்லை. ஒரு நாளும் அவளைப் பசியோடு படுக்க விட்டதில்லை.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கற்பூர வாசனை அடித்தது. அவருடைய கன்னம் ஒட்டிப் போயிருந்தது; இவ்வளவு ஒட்டியிருந்ததை நேற்று வரைக்கும் எப்படிக் காஸ்ட்ரிக் என்று நம்பினேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நகக்கண்ணில் எஞ்சின் ஒயில் கறுப்பு, குளிப்பாட்டியும் போகவில்லையாம், ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். குனிந்தாள். மற்றவர்கள் முத்தமிடப் போகிறாள் என்று விலகி இடம் விட்டார்கள்.

"மேக்காலதான் போன மச்சான்" என்று காதுக்குள் சொன்னாள். "உங்களுக்கு என்ன தெரியும். நீங்கதான் பாக்கவே இல்லையே."

முகத்தை மூடினார்கள். ஆண்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள் சீலைத் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஸலாஹுதீன் லெப்பை திரையருகே வந்து நின்றார். எழுபது வயது தாண்டியவர். நிப்லாவுக்கும் ஜவாதுக்கும் நிக்காஹ் ஓதி வைத்தவரும் அவர்தான்.

"மகள் நிப்லா, ஜவாத் உங்கள விட்டுப் போறார். அவர்ர குறை குற்றத்தையெல்லாம் பொருந்திக்கிட்டீங்களா?"

சபூறா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். லெப்பை மறுபடி கேட்டார்.

"பொருந்திட்டா லெப்பை" என்றார் அஸ்ஹர் சந்தூக்கின் தலைமாட்டிலிருந்து. "அழுகையில சத்தம் வருகுதில்ல. தூக்குங்க."

"காக்கா, எனக்கு வாய் இரிக்கி."

சந்தூக்கில் கை வைத்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"லெப்பை" என்றாள் நிப்லா. உரக்கப் பேசவில்லை, ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. "நீங்க தொழுவிச்சு அடக்கிட்டு வாங்க. அவருக்கு நான் துஆச் செய்வன், அதில ஒரு குறையும் வராது. ஆனா அந்தச் சொல்ல இப்பச் செல்ல ஏலா. எனக்கு இண்டைக்குத்தான் ஒரு விசயம் தெரிய வந்த. பொய்யாப் பொருந்தி அவர அனுப்ப மாட்டன். புருசன் போனவள் இத்தா இருக்கணும், நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறன். யோசிச்சிச் செல்றன்."

"யா அல்லாஹ்" என்றாள் ஒரு கிழவி. அஸ்ஹர் திரையை நோக்கி ஓரடி வைத்தார். லெப்பை கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"சரி மகள்" என்றார். "ஆறுதலா யோசிங்க. அவர் காத்திருப்பார். அவருக்கு இனி வேற வேலை இல்ல."

கலிமாச் சத்தம் ஒழுங்கையால் போய், பள்ளிவாசல் பக்கம் திரும்பித் தேய்ந்தது.

ஒவ்வொருவராகப் பெண்கள் விலகிப் போனார்கள். சபூறா போகும்போது நிப்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் வந்தது. நிப்லா வெள்ளைச் சீலையோடு அறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மசூர் வந்து வாசலில் நின்றான். காற்சட்டையின் முழங்கால் இரண்டிலும் ஈரமண் காய்ந்திருந்தது. உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

"முடிஞ்சிதா?"

"ஓம் உம்மா. மாமாவும் நானும்தான் கபுறுக்குள்ள இறங்கின."

"எந்தப் பக்கம்?"

"மதிலோரம். வேப்ப மரத்துக்குக் கிட்ட." பிறகு, "மண் நல்ல குளிர் உம்மா" என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே குந்தினான். "உம்மா, நான் எல்லாத்தையும் செல்லட்டா?"

"செல்லு."

"எங்க இருந்து தொடங்கிற?"

"உனக்கு முதல் தெரிய வந்த நாள்ல இருந்து. ஒண்டையும் உடாத. நான் அழுதா நிப்பாட்டாத."

மசூர் கையிலிருந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து உரசினான். பிறகு ஒரு கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, பேசத் தொடங்கினான்.

நிப்லா மற்றக் கோப்பையைப் பக்கத்தில் இழுத்து, ஈ மொய்க்காமல் சாசரால் மூடி வைத்தாள்.